ஆடம்ஸுக்கு மாலை போடாத தொடர்



இந்த வாசகர் வட்டத்தார் 'திரையில் தேசத் தலைவர்கள்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸ். 'போயும் போயும் இரண்டாமவரா?' என்று முன்வரிசையில் ஒரு புன்னகை ஓடுகிறது. நியாயம்தான். வாஷிங்டன் பெயரில் தலைநகரமே இருக்கிறது. அந்த நகரத்தில் ஜெஃபர்சனுக்குப் பெரிய நினைவு மண்டபம் இருக்கிறது. ஆடம்ஸுக்கு அப்படியொரு மண்டபம் இன்னும் எழவில்லை.

மண்டபம் இல்லாத அந்த மனிதருக்கு 2008-ல் ஹெச்பிஓ ஏழு பகுதிகள் கொண்ட ஒரு குறுந்தொடர் எடுத்தது. டேவிட் மெக்கல்லோ எழுதிய வாழ்க்கை வரலாறுதான் மூலம். இயக்கியவர் டாம் ஹூப்பர். ஆடம்ஸாக பால் ஜியாமாட்டி, மனைவி அபிகெயிலாக லாரா லின்னி. 13 எம்மி விருதுகளை அள்ளியது அந்தத் தொடர்.

விருதை விடுங்கள். நாயகனைப் பாருங்கள். குள்ளம், தொந்தி, முன்கோபம். தன்னைவிட வாஷிங்டனையும் ஃபிராங்க்ளினையும் ஊர் கொண்டாடுகிறதே என்று பொருமுகிற மனசு. குடியில் விழுந்த மகன் சார்லஸைக் கைகழுவிவிடுகிற அப்பா. அதிபரான பிறகு, அரசைத் தாக்கி எழுதினால் சிறை என்ற 1798-ம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். இதில் ஒன்றையும் தொடர் மூடி மறைக்கவில்லை. மறைக்காததால்தான் அவர் செய்த நல்லதை நாம் நம்புகிறோம்.

முதலில் ஒரு காட்சி. 1776 ஜூலை. ஃபிலடெல்ஃபியாவில் ஆடம்ஸ் சுதந்திரத்துக்காகத் தொண்டை வற்ற வாதாடிக்கொண்டிருக்கிறார். பல நூறு மைல் தள்ளி, மாசசூசெட்ஸில் ஊரெங்கும் பெரியம்மை. ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் 20 ஆண்டு ஆகும். அன்று இருந்தது அம்மை குத்துகிற பழைய முறை. தொடரில் மருத்துவர் வருகிறார். அவரோடு வந்த வண்டியில் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு ஒரு சிறுவன் கிடக்கிறான். அந்தக் கொப்புளத்துச் சீழை எடுத்து, அபிகெயிலின் கையைக் கத்தியால் கீறி, அதில் வைக்கிறார். அடுத்து பிள்ளைகள். பிழைப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. முடிவெடுக்கக் கணவன் பக்கத்தில் இல்லை. அபிகெயில் எடுத்தார். ஒரு தேசம் பிறந்ததில் அந்தக் கீறலுக்கும் பங்கு உண்டு என்று வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு காட்சி. 1785 ஜூன் 1. புதிய நாட்டின் முதல் தூதராக பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் முன்னால் நிற்கிறார் ஆடம்ஸ். கொஞ்ச காலம் முன்புவரை ராஜத்துரோகி, பிடிபட்டிருந்தால் தூக்கு. வாசலில் ஒரு வணக்கம், நடுவழியில் ஒன்று, மன்னர் முன் ஒன்று. ஜியாமாட்டியின் குரல் நடுங்குகிறது. மன்னர் குரலும் தழுதழுக்கிறது. ஜெயித்தவர் கொக்கரிக்கவில்லை, தோற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சந்திப்பு முடிந்ததும் ஆடம்ஸே தம் அரசுக்கு விவரமாக எழுதி அனுப்பிய கடிதம் இருக்கிறது. தொடர் பெரும்பாலும் அதையொட்டியே நடக்கிறது.  அதனால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

1770 மார்ச் 5, பாஸ்டன் நகரத் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட வந்தவர் 34 வயது ஆடம்ஸ். தொடரில் ஒரே விசாரணை, எல்லோரும் விடுதலை, நாயகனுக்கு முழு வெற்றி. நடந்தது அதுவல்ல. சிப்பாய்களின் தளபதி பிரெஸ்டனுக்குத் தனி விசாரணை நடந்தது, அவர் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களுக்கு இன்னொரு விசாரணை. ஆறு பேர் விடுதலை. இரண்டு பேர் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, கட்டைவிரலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வாங்கினார்கள். யோசித்துப் பாருங்கள், எது பெரிய கதை? கொதிக்கிற ஊரில் உட்கார்ந்த நடுவர்கள், யார் சுட்டதற்குச் சாட்சி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தார்களே, அதுவல்லவா பெரிய கதை! அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தம், செனட்டில் அன்றைய துணை அதிபர் ஆடம்ஸின் ஒற்றை வாக்கால் தப்பியதாகத் தொடர் காட்டுகிறது. ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1795-ல் கிடைத்தது 20-க்கு 10. துணை அதிபர் வாக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் 1789-ல் உண்மையாகவே சமநிலை வந்தது. அமைச்சரை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமா, செனட்டையும் கேட்க வேண்டுமா என்ற கேள்வி. ஆடம்ஸ் அதிபர் பக்கம் வாக்களித்தார். இன்றுவரை அமெரிக்கா சண்டை போடுகிற விஷயம் அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

'நாடகம் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தானே செய்யும்?' என்று கேட்பீர்கள். இருக்கலாம். மகள் நாபிக்கு மார்பகப் புற்றுநோய். மயக்க மருந்து இல்லாத காலத்தில் 1811-ல் அறுவை சிகிச்சை நடந்தது. தொடர் அதைச் சில ஆண்டுகள் முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. எனக்கு அதில் சண்டை இல்லை. வலி அதே வலி, குடும்பம் அதே குடும்பம். தேதியை மாற்றலாம் நண்பர்களே, தீர்ப்பை மாற்றக் கூடாது.

இதை நான் சொல்லவில்லை, ஆடம்ஸே சொல்கிறார். சுதந்திரப் பிரகடனத்தைப் பெரிய ஓவியமாகத் தீட்டிய ஜான் டிரம்புல்லுக்கு 1817-ல் ஒரு கடிதம் எழுதினார். கலைஞனுக்குள்ள சலுகை என்ற பெயரில் வருங்காலத் தலைமுறையைக் கற்பனையால் ஏமாற்றிவிடாதே என்பது அதன் சாரம். கடைசிப் பகுதியில் கிழவர் ஆடம்ஸ் அந்த ஓவியத்தின் முன் நின்று பொரிந்து தள்ளுகிறார். தன்னையே குத்திக்காட்டும் காட்சியைத் தானே வைத்திருக்கிறது தொடர். அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ்!

ஆகவே இங்கிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்களில் ஒருவர் ஒரு தலைவரைப் பற்றித் தொடர் எடுக்கலாம். அவர் கோபத்தைக் காட்டுங்கள், தவறிய இடத்தைக் காட்டுங்கள், தோற்ற வழக்கையும் காட்டுங்கள். பாதி வெற்றியை முழு வெற்றியாக்கி அவருக்குப் பரிசளிக்காதீர்கள். அந்தப் பரிசு அவருக்குத் தேவையில்லை. எடுக்காதவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: தொடரைப் பாருங்கள், பார்த்த கையோடு புத்தகத்தைத் திறந்து, எங்கே வளைத்தார்கள், ஏன் வளைத்தார்கள் என்று கேளுங்கள். தலைவர்களை மதிப்பதற்கு அதைவிட மேலான வழி எனக்குத் தெரியவில்லை.