ராத்திரி ரெண்டு மணி டெஸ்ட்: குடும்பத்தோட கடற்கரை கேம்பிங்

பொங்கல் லீவ் நெருங்க நெருங்க இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "ப்ரோ, ஈ.சி.ஆர். பக்கம் ஃபேமிலியோட ஒரு நைட் டென்ட்ல தங்கணும். நல்ல இடம் சொல்லுங்க."

இந்த எபிசோடில் எந்த கேம்ப்சைட் பெயரையும் சொல்லப் போவதில்லை. இந்த வருஷம் நல்லா இருக்கிற இடம் அடுத்த வருஷம் கை மாறிடலாம். அதனால் எந்த இடமாக இருந்தாலும் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் சொல்கிறேன். அதுக்கு நான் வெச்சிருக்கிற பேர் "ராத்திரி ரெண்டு மணி டெஸ்ட்".

இன்ஸ்டாவில் பார்க்கிற கேம்ப்சைட் போட்டோ எல்லாமே சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தது. வானம் ஆரஞ்சு கலர், டென்ட் மேல சீரியல் லைட். அந்த நேரத்தில் எந்த இடமும் அழகாத்தான் இருக்கும். சாஃப்ட்வேரில் நாங்கள் ஒரு சிஸ்டத்தை டெஸ்ட் பண்ணுவது எல்லாம் நல்லா ஓடுற நேரத்தில் இல்லை, மோசமான நேரத்தில். கேம்பிங்குக்கு அந்த மோசமான நேரம் ராத்திரி ரெண்டு மணி.

எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. இந்த ஜனவரி நாங்க அஞ்சு பேர் போறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. ரெண்டு மணிக்கு குட்டி எழுந்து "சித்தப்பா" இல்ல, "மாமா, சூச்சூ வருது"ன்னு சொல்றா. இப்போ பாத்ரூம் எவ்வளவு தூரம்? வழியில் லைட் இருக்கா? மணலில் நடக்கணுமா, கெட்டியான தரையா? அம்மா உட்கார்ந்து எழுந்திருக்க வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? இதுக்கெல்லாம் பதில் இல்லை என்றால், கடல் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது குடும்பத்துக்கான இடம் இல்லை.

போன வாரம் ஒரு இடத்துக்கு போன் பண்ணினேன். பேர் வேண்டாம்.

"பாத்ரூம் எத்தனை இருக்குண்ணா?"

"சார், டென்ட்டைத் திறந்தா நேரா கடல் சார்!"

"சரிண்ணா, பாத்ரூம்?"

"இருக்கு சார், பக்கத்துலதான்."

"டென்ட்ல இருந்து எத்தனை அடி?"

"அது... பைக்ல போனா ரெண்டு நிமிஷம் சார்."

நன்றி சொல்லி வெச்சுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவை பைக்கில் ஏத்திட்டுப் போக முடியாதுல்ல?

அடுத்தது கடல். இங்கதான் கொஞ்சம் நிதானமா கேளுங்க.

டென்ட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கணும்? கடற்கரையே அதைச் சொல்லும். மணலில் காய்ந்த பாசி, குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். அலை கடைசியாக வந்து தொட்ட இடம் அது. அதையும் தாண்டி மேலே வந்தால் அடப்பங்கொடி படர்ந்திருக்கும், ராவணன் மீசைப் புல் முளைத்திருக்கும். சாதாரண நாளில் கடல் அதுவரைக்கும் வராது. டென்ட் அந்தச் செடிகளுக்கும் பின்னால்தான் இருக்கணும். நிலா வெளிச்சத்துக்காக நிறைய பேர் பௌர்ணமி பார்த்து புக் பண்ணுவாங்க. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் மற்ற நாளைவிட அதிகமாக ஏறும் என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடலில் இறங்கும்போது பெற்றோர்கள் அடிக்கடி ஏமாறுகிற விஷயம் ஒன்று உண்டு. ரெண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்கும், நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாக இருக்கும். "இங்க அலை கம்மி, குழந்தை விளையாடட்டும்"னு தோணும். பல நேரம் அதுதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடுகிற பாதை. கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இந்த இழுப்பு இருக்கும். முகத்துவாரமும் அப்படித்தான். முட்டுக்காடு கழிமுகம் கோவளம் பக்கம் கடலில் கலக்கிற மாதிரி இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரியும், ஆனா கடல் வத்தும்போது உள்ளே இழுக்கும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வரணும். ஆனா நாலு வயசுக் குழந்தைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. அதனால் கண் பார்வையில் இருந்தால் போதாது, கை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில் இருக்கணும்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்கும். எங்கோ தெற்கே, நடுக்கடல் புயலில் கிளம்பிய அலை நாள் கணக்கில் பயணம் செய்து நம்ம கரைக்கு வரும். அதற்குப் பேர் கள்ளக்கடல். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்புற அன்னைக்கு காலையில் பார்த்துடுங்க. போன பிறகு பக்கத்து குப்பத்தில் வலை பின்னிட்டு இருக்கிறவர்கிட்ட "கடல் இன்னைக்கு எப்படி இருக்குண்ணே?"ன்னு கேளுங்க. அந்தக் கரையை அவரைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை.

இன்னொரு யோசனை. தூங்குற இடமும் குளிக்கிற இடமும் ஒன்றாக இருக்கணும்னு கட்டாயம் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, நல்ல பாத்ரூம் இருக்கிற தோப்பில் தங்கலாம். காலையில் கோவளம் மாதிரி கடற்கரைக்குப் போகலாம். 2021இல் அதற்கு நீலக்கொடி சான்றிதழ் கிடைத்தது. உயிர்காப்பு ஏற்பாடு அந்தச் சான்றிதழின் நிபந்தனைகளில் ஒன்று.

தோப்பு என்றதும் ஒரு விஷயம். தென்னை மரத்தடியில் டென்ட் போடாதீங்க. தேங்காயும் மட்டையும் சொல்லிட்டு விழாது. சவுக்குத் தோப்பு பரவாயில்லை, ஆனா டென்ட் ஜிப்பை எப்பவும் மூடியே வைங்க. வெளியே கழட்டிய செருப்பை உதறிட்டுப் போடுங்க. பாம்பு, தேள் ரெண்டுக்கும் இதுதான் முதல் பாதுகாப்பு. பக்கத்து அரசு மருத்துவமனை எங்கேன்னு முன்னாடியே மேப்பில் குறிச்சு வைங்க. டென்ட் வரைக்கும் 108 வண்டி வர வழி இருக்கான்னும் கேளுங்க.

எப்போ போகலாம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அரையாண்டு லீவ் டிசம்பர் கடைசியில் வரும், ஆசையாத்தான் இருக்கும். ஆனா 2016 வர்தா, 2023 மிக்ஜாம் ரெண்டுமே டிசம்பரில் வந்த புயல். ஏப்ரல், மே மாதத்தில் ராத்திரி கடல் காற்று அடங்கியதும் டென்ட்டுக்குள் புழுங்கித் தள்ளும். குழந்தைகளோடு போக ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

அந்த மாதங்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை ஏறுகிற சீசன் அது. குஞ்சுகள் வெளியே வந்ததும் வெளிச்சம் அதிகமாக இருக்கிற பக்கம் நகரும். இயற்கையில் அது கடல் பக்கம். நம்ம ஃப்ளட் லைட் இருந்தா அவை ரோடு பக்கம் போயிடும். அதனால் புக் பண்ணும்போது "ராத்திரி கடலைப் பார்த்து லைட் போடுவீங்களா?"ன்னு கேளுங்க. "இல்லை, பாத்ரூம் வழியில மட்டும்தான்"னு சொன்னா, அவங்களை நம்பலாம். சென்னையில் மாணவர்கள் நடத்துகிற எஸ்.எஸ்.டி.சி.என். அமைப்பு 1988லிருந்து இந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. பொதுமக்களையும் ராத்திரி ஆமை நடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நடக்கக்கூடிய வயசில் குழந்தைங்க இருந்தா, அதுக்கும் ஒரு ராத்திரி ஒதுக்குங்க.

மொத்தத்தில் போன் பண்ணும்போது ஆறு கேள்வி: பாத்ரூம் எத்தனை அடி, என்ன வகை, வழியில் லைட் எப்படி, அலைக்கோட்டிலிருந்து டென்ட் எவ்வளவு தூரம், ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற ஆள் யார், வண்டி உள்ளே வருமா. குடும்பத்துக்கான இடத்தை நடத்துறவங்க இதுக்கெல்லாம் யோசிக்காம பதில் சொல்லிடுவாங்க. சுத்தி வளைச்சா அடுத்த நம்பரைப் போடுங்க.

உங்க வீட்டில் அந்த ரெண்டு மணி ஆள் யாரு? பாட்டியா, பாப்பாவா? முதலில் அதை முடிவு பண்ணுங்க. இடத்தை அவங்களுக்காகத் தேடுங்க. மத்தவங்க எல்லாரும் தானா சந்தோஷமா இருப்பாங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்!