இருண்ட திரையும் இறவாத கணினியும்

1982ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துச் சின்கிளெயர் நிறுவனம் ‘இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணினியை வெளியிட்டது. தொடக்க விலை 125 பவுண். தனித்திரை அதற்கில்லை, வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை. இன்று அதனைப் பரணிலிருந்து இறக்கி இயக்குவோர் சிலர், திரை இருண்டிருக்கக் கண்டதும், கணினி இறந்துவிட்டதெனத் தீர்ப்பளிக்கின்றனர். படத்தைத் தோற்றுவிக்கும் சில்லைப் பிடுங்கிப் பார்ப்போரும் உளர். அச்சில்லின் அசல் இன்று எங்கும் செய்யப்படுவதில்லை. ஆதலின், நமது ஆராய்ச்சி வெளியிலிருந்து படிப்படியாக உள்ளே செல்லுதல் வேண்டும்.

முதலாவது, தொலைக்காட்சி. இக்கணினி ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் போலத் தன் படத்தை 36ஆம் அலைவரிசையிலே பழைய முறை அலையாக அனுப்புகின்றது. எண்முறை அலையை மாத்திரம் ஏற்கும் புதிய பெட்டிக்கு அது விளங்காது. குற்றம் கேட்பவர் செவியில். பேசுபவர் நாவில் அன்று. பழைய முறை அலையையும் ஏற்கும் பெட்டியொன்றில், 36ஐ அண்டி மெதுவாகத் தேடுக.

இரண்டாவது, மின்வழங்கி. வேண்டுவது 9 வோல்ற்று நேரோட்டம். செருகியின் நடுப்பகுதி மறையாகவும் வெளிப்பகுதி நேராகவும் இருத்தல் வேண்டும். இக்காலத்து மின்வழங்கிகள் பலவற்றில் இது மாறியிருக்கும். பாராது செருகின், உள்ளுறுப்புக்கள் பழுதாகும்.

மூன்றாவது, திரையை வாசித்தல். பனித்துளி போன்ற புள்ளிகளே தெரியின், படம் வந்துசேரவில்லை. வடத்தையும் அலைவரிசையையும் மீண்டும் நோக்குக. கோடுகளும் சதுரங்களும் நிலையாகத் தோன்றி, 1982 என்னும் ஆண்டைத் தாங்கிய உரிமை வாசகம் மட்டும் வாராதிருப்பின், மனந்தளர வேண்டாம். படம் வருகின்றது! படச்சில்லு உயிருடன் இருக்கின்றது. குற்றம் பெரும்பாலும் நினைவகத்தில், அல்லது அதற்குச் செல்லும் மின்னில் இருக்கும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். முதல் 16 கிலோபைற்று நினைவகம் 8 சில்லுகளால் ஆனது. அவை ஒவ்வொன்றுக்கும் மூன்று மின்னழுத்தங்கள் தேவை: 1ஆம் காலில் மறை 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5 வோல்ற்று. 12ஐயும் மறை 5ஐயும் ஆக்கித் தரும் சுற்றிலுள்ள சிறு திரான்சிற்றர் அடிக்கடி பழுதாவதுண்டு. மறை 5 நின்றுபோனால் நினைவகச் சில்லுகளும் அழியும். எனவே, அளந்து பாராது புதுச்சில்லு பொருத்துவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

நேயர்களே, விடை கூறாத மாணவன் அறியாதவன் என்று துணிதல் ஆகாது. வினா அவன் செவிக்கு எட்டியதா, காலையில் அவன் உண்டானா என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். இருண்ட திரைக்கும் அந்நீதியே பொருந்தும்.