களிம்பு யார் செய்த தோஷம்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உலோகங்களும் அமிலங்களும் என்பதாகும். இது காலேஜில் படிப்பவர்கள் சங்கதியாயிற்றே, நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நம் வீட்டு அடுப்பங்கரையில் தினமும் நடக்கிற காரியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு கலியாண வீட்டிலோ திருவிழாவிலோ சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? கண் திருஷ்டி என்பார் ஒருவர். குலதெய்வத்திற்குப் படையல் குறைந்துவிட்டது என்பார் மற்றொருவர். பூசாரிக்கு அன்று நல்ல வரும்படி. சோறு கெட்டுப் போயிற்றா, தண்ணீர் சுத்தமானதா, புளிக்குழம்பு எந்தப் பாத்திரத்தில் இருந்தது, அதற்கு ஈயம் பூசியிருந்ததா என்று கேட்பார் ஒருவரும் இல்லை.

புளி, எலுமிச்சை, மோர், காடி ஆகிய யாவற்றிலும் அமிலம் இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் அமிலத்தில் போட்டால் உலோகம் கரைந்து, ஹைட்ரஜன் வாயு குமிழியாகக் கிளம்பும். 1766-ல் கேவண்டிஷ் என்னும் இங்கிலீஷ்காரர் இந்த எரியும் வாயுவைப் பரீட்சை செய்து எழுதினார். செம்புக்கோ ஹைட்ரஜனைத் தள்ளும் சக்தி இல்லை. ஆனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் முதலில் செம்போடு சேருகிறது. அப்படிச் சேர்ந்ததைப் புளிப்பு கரைத்துவிடுகிறது. அதுவே பச்சைக் களிம்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆகவே அதற்கும் இதே கதிதான். இப்படிக் கரைந்த செம்பு வயிற்றில் அதிகம் போனால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். இதில் திருஷ்டி எங்கே வந்தது?

செம்போடு களிம்பு பிறப்பிலேயே கூடியிருப்பதுபோல ஆன்மாவோடு ஆணவ மலம் கூடியிருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் சொல்லுவார்கள். காற்றும் ஈரமும் புளிப்பும் படாமல் ஒரு செம்புக் கம்பியை வைத்துப் பாருங்கள். களிம்பு எங்கிருந்து வரும்? கூடப் பிறந்தது என்று சொன்னவர்கள் ஒரு நாளாவது பரீட்சித்துப் பார்த்தார்களா? உற்சவ விக்கிரகத்தையும் புளி போட்டுத்தானே தேய்க்கிறார்கள்! கோவில் சாமி என்றும் அடுப்பங்கரைச் சொம்பு என்றும் புளிக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

உலோகங்களிலும் வரிசை உண்டு. துத்தநாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, தங்கம் என்று அதை அடுக்குகிறார்கள். ஆனால் அது எந்த ரிஷியும் எழுதிவைத்த வருணாசிரமம் அல்ல. ஒவ்வொன்றையும் சோதித்து, அது செய்யும் காரியத்தைக் கண்டு ஏற்பட்ட வரிசை. யார் வேண்டுமானாலும் திரும்பவும் சோதித்துக்கொள்ளலாம். பிறவியால் உயர்வு என்று சொல்லுகிறவர்கள் எந்தச் சோதனைக்கு இதுவரை சம்மதித்திருக்கிறார்கள்?

நம் தெருவில் ஈயம் பூச வருகிற தோழரைப் பாருங்கள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் தடவுகிறார். அந்த மெல்லிய பூச்சு புளிப்புக்கும் செம்புக்கும் நடுவே நின்று நம் உயிரைக் காக்கிறது. அப்படிக் காப்பவர் கீழ்ஜாதி. திருஷ்டி கழித்துக் காசு வாங்குகிறவர் மேல்ஜாதி! இது என்ன நியாயம்?

இன்று எவர்சில்வர் வந்துவிட்ட போதிலும், பழமையே ஆரோக்கியம் என்று செம்பையும் பித்தளையையும் சிலர் மறுபடி வாங்குகிறார்கள். வாங்கட்டும், ஆனால் பூச்சில்லாத பாத்திரத்தில் புளிக்குழம்பு, ரசம், மோர், எலுமிச்சைச் சாறு வைக்க வேண்டாம். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசுங்கள். பூசுவது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் அது உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். இன்றிரவே ஒரு இரும்பு ஆணியையும் ஒரு செம்புக் கம்பியையும் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றில் பாதி முங்க வையுங்கள். நாலு நாள் பார்த்துவிட்டு, சாற்றைக் கொட்டிவிடுங்கள். பிறகு உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ அதன்படி நடவுங்கள்.