மண்ணெண்ணெய்க் காரும் ஆர்முடுகலும்



1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யப்பான் நாட்டில் இரண்டு கார்கள் அடுத்தடுத்து விற்பனைக்கு வந்தன. ஒன்று மிற்சுபிஷி லான்சர் எவலூஷன். மற்றையது சுபாறு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். குடும்பத்தார் ஏறிச் செல்லத்தக்க, நான்கு கதவுடைய, அடக்கமான தோற்றங்கொண்ட கார்கள். ஆயினும் 2 லீற்றர் எஞ்சினிலிருந்து 240 குதிரைவலுவும் அதற்கு மேலும் அவை தந்தன. அதற்குத் துணை நின்றது 'டர்போ' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சுழலி. அதே ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தவை எவை? 40 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திற் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலியன. அவை குடித்ததோ மண்ணெண்ணெய்.

இவ்விரண்டையும் ஓரிடத்தில் வைத்துப் பேசுவது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். இன்று நம்மிடையேயும் டர்போ பூட்டிய கார்கள் பல வந்துவிட்டன. அவற்றை வைத்திருப்போர், "இத்தனை குதிரைவலு உண்டென்று விற்றார்களே, மிதித்தவுடன் கார் பாயக் காணோமே, என்ன செய்யலாம்?" என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை பகர, அந்த மண்ணெண்ணெய்க் காரைப்போல் நல்ல ஆசிரியன் வேறில்லை என்பது என் துணிபு.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேகம் நேரத்தோடு கூடும் வீதத்தை நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் ஆர்முடுகல் என்கின்றன; தமிழகத்தார் முடுக்கம் என்பர். ஒரு கார் எவ்வளவு வேகமாக ஓட வல்லது என்பது வேறு. எவ்வளவு விரைவில் அவ்வேகத்தை அடைகிறது என்பது வேறு. ஊர்களுக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர் என்று கதிக்கு எல்லையிட்ட நாட்டில், முன்னதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது 40-இலிருந்து 70-க்குச் செல்லும் ஆற்றலே.

அது வேண்டும் இடம் எது? ஏ-9 வீதியிற் கொடிகாமம் தாண்டிப் பளையை நோக்கிச் செல்கிறீர்கள். முன்னே ஓர் உழவு இயந்திரம். அல்லது மெல்லச் செல்லும் ஒரு லொறி. 40 கிலோமீற்றர் கதியில் அதன் பின்னே ஊர்கிறீர்கள். எதிரே வரும் பேருந்து 70-இல் வருகிறது. உங்களுக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் மணிக்கு 110 கிலோமீற்றர் வீதம், அதாவது வினாடிக்கு 30 மீற்றர் வீதம் சுருங்குகிறது. வலப்புறம் ஒதுங்கி மிதித்தபின் எஞ்சின் ஒரு வினாடி யோசிக்குமானால், 30 மீற்றர் போயிற்று. அன்றாட ஓட்டத்தில் ஆர்முடுகல் என்பது அந்த ஒரு வினாடியைப் பற்றிய கேள்வி. 240 குதிரைவலுவைப் பற்றிய கேள்வி அன்று.

இனி மண்ணெண்ணெய்க் காரைக் காண்போம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் வந்தது, அதுவும் அளவோடுதான். மின்சாரமும் நின்றது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டவர்கள் நம் நேயர்களுள் இன்றும் பலர் இருப்பர். போத்தலில் விற்ற பெற்றோல் எட்டாத விலையிலிருந்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், பிணத்தைக் கொண்டுவரவும், மணமக்களை ஏற்றவும் கார் வேண்டியிருந்ததே! அப்பொழுதுதான் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் கொட்டில்களிலிருந்து வெளிவந்தன. புதிய யப்பான் கார்கள் பல உள்ளேயே நின்றன.

பழையது ஓடப் புதியது நின்றதன் காரணம் சுவையானது. எஞ்சினின் உருளைக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை முசலம் நெருக்குகிறது. பின்னர் மின்பொறி விழுந்து கலவை எரிகிறது. நெருக்கும்போது சூடேறித் தானாக வெடிக்கும் குணம் சில எண்ணெய்களுக்கு உண்டு. வெடியாமற் பொறுத்திருக்கும் தன்மைக்குத் தரும் எண்ணே ஒக்ரேன். ஒக்ரேன் எண் என்பது எண்ணெயின் பலம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பலமன்று, பொறுமை. உண்மையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயிலுள்ள வெப்பம் ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதினும் சற்று அதிகம். பொறுமைதான் அதற்கு மிகக் குறைவு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் எல்லா நிறுவனங்களும் 'பூல்' என்ற ஒரே தரப் பெற்றோலையே விற்றன. அது 1953 வரை நீடித்தது. அதன் ஒக்ரேன் எண் 70-ஐ அண்டியது. ஒஸ்ரின் ஏ-40-உம் முற்பட்ட மொறிஸ் மைனரும் அந்த எளிய எண்ணெய்க்கென்றே அமைக்கப்பட்டவை. கலவையை ஏழில் ஒரு பங்கு அளவுக்கே அவை நெருக்கின. இங்கிலாந்தின் பஞ்சத்துக்கென்று அமைந்த எஞ்சின், 40 ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தின் பஞ்சத்துக்கு உதவிற்று.

ஆயினும் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலாற் புறப்படும்பொழுது காபரேற்றரிற் சிறிது பெற்றோல் ஊற்றிக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இம்முறை நம்மவர் கண்டுபிடிப்பன்று. 1949-இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்று பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் உழுதது. தோட்டக் கிணறுகளில் மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்து நீரிறைத்த நம் கமக்காரருக்கும் இது பழகிய வித்தையே. உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் ஒரே கதியில் ஓடுவன. காருக்கோ நின்று, புறப்பட்டு, கூட்டி, குறைத்துச் செல்ல வேண்டும். இடர்ப்பாடு அங்கேதான் பிறந்தது.

சாரதி திடீரென மிதித்தால் என்னாகும்? எஞ்சினுக்குட் பாயும் காற்றோடு சென்ற மண்ணெண்ணெய் ஆவியாக நேரமின்றித் துளிகளாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உருளைக்குட் காற்றுத்தான் போகும், எண்ணெய் பின்தங்கும். எஞ்சின் இருமும், தயங்கும், சிலவேளை நின்றே போகும். பின்னர் ஒட்டிய எண்ணெயெல்லாம் ஒருங்கே உட்சென்று, வெண்புகையாகப் பின்னாற் செல்வோர் கண்ணை எரிக்கும். உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் மிதித்தாலோ 'டொக் டொக்' என்ற ஓசை கேட்கும். அது பொறுமையிழந்த எண்ணெய் முந்தி வெடிக்கும் ஓசை. அதை அடக்க மின்பொறியைச் சற்றுப் பிந்தி விழச் செய்யலாம். அப்படிச் செய்தால் வலு குறையும்.

இந்த நிலையில் ஒரு நல்ல சாரதி என்ன செய்தான்? மிதிப்பதை மெல்ல மிதித்தான். ஆனால் நேரத்தோடு மிதித்தான். எஞ்சின் திணறும்வரை காத்திராமல், திணறப்போகும் இடத்துக்கு முன்பே கியரைக் குறைத்தான். எஞ்சினைக் குளிர விடாமற் காத்தான். வேண்டாத இடத்திற் பிரேக் பிடிக்காமல், பெற்ற வேகத்தைப் பேணினான். பருத்தித்துறைப் பக்கமிருந்து நோயாளியொருவரை ஏற்றிக்கொண்டு நெல்லியடி கடந்து வல்லை வெளியில் இறங்கும் ஒரு காரை நினைத்துப் பாருங்கள். சோளகக் காற்று எதிரே வீசுகிறது. காற்றின் கதி 30, காரின் கதி 40 என்றால், காரின் உடல் 70-இல் ஓடுவது போன்ற தடையை உணரும். ஏ-40 சோமசெற் காருக்குப் புதிதாக இருந்தபோதே 42 குதிரைவலுத்தான். அசையா நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் கதியை அடைய அதற்கு 30 வினாடிக்கு மேல் வேண்டும். மண்ணெண்ணெயில் அதுவும் இல்லை. குடாநாடு மேடுபள்ளமற்ற சமநிலமாக அமைந்தது நம் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். மலைநாடாக இருந்திருப்பின் இவ்வித்தை ஒரு நாளும் பலித்திராது.

ஏற்றிய பாரமும் ஓர் எதிரிதான். ஒரு தொன் எடையுள்ள காரில் ஐவர் ஏறினால் 300 கிலோகிராம் கூடும். ஆர்முடுகல் ஏறத்தாழக் காற்பங்கு குறையும். இது நியூற்றன் வகுத்த விதி. எந்த எண்ணெய்க்கும், எந்தக் காலத்துக்கும் பொருந்தும். இன்றைய காரின் பின்பெட்டியில் மாதக்கணக்கிற் கிடக்கும் நீர்க்கலன்களுக்கும் சாமான்களுக்கும் பொருந்தும்.

இனி இன்றைய காருக்கு வருவோம். 1 லீற்றரே கொண்ட டர்போ எஞ்சினோடு வந்த ஹொண்டா சிவிக் கார்கள் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின் ஏ-40-இன் 1200 கன சென்ரிமீற்றரினும் சிறியது. வலுவோ 120 குதிரைக்கு மேல். இந்த மாயம் எங்ஙனம்? எரிந்து வெளியேறும் புகை ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதனோடு ஒரே தண்டிற் பூட்டிய மற்றொரு சக்கரம் புதிய காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி என்பவர் 1905-இலேயே இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். காற்று மிகுதியாகச் சென்றால் எண்ணெயும் மிகுதியாக எரியலாம். ஆனால் சுழலி சுற்றப் புகை வேண்டும். புகை பிறக்க எஞ்சின் உழைக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்றிற் சோம்பியிருக்கும்போது மிதித்தால், அது முதலிற் சுழலியை எழுப்ப வேண்டும். பின்னரே சுழலி அதற்கு உதவும். நாம் மேலே பேசிய ஒரு வினாடி இதுவே.

மண்ணெண்ணெய்ச் சாரதியின் வித்தை இங்கே அப்படியே பொருந்துவதைக் காண்கின்றீர்களன்றோ? முந்துவதற்கு ஒதுங்கிய பின் மிதிப்பதன்று. பின்னால் ஊரும்போதே கியரைக் குறைத்து, சுற்றை 2000-க்கு மேல் கொணர்ந்து வைத்தல். தானியங்கிக் கியர் உள்ளோர், நெம்பை 'எஸ்' என்ற இடத்துக்குச் சிறிது முன்பே தள்ளி வைத்தால் அதுவே இவ்வேலையைச் செய்துவிடும். வேலை முடிந்ததும் மீண்டும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆதலாற்போலும், இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

ஓரிடத்தில் இரண்டு கார்களும் நேர்மாறாக நிற்கின்றன. மண்ணெண்ணெய்க் காருக்கு உட்செல்லும் காற்றுச் சூடாக இருக்க வேண்டும். டர்போ காருக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். அமுக்கப்படும் காற்றுத் தானே சூடேறும். அதைக் குளிர்விக்க முன்புறத்தில் ஒரு குளிர்விப்பான் உண்டு. சித்திரை வைகாசி வெயிலில், யாழ் நகர நெரிசலில் நின்று நின்று வந்த காரின் குளிர்விப்பான் தானே சூடேறியிருக்கும். நெரிசலை விட்டு வெளியேறிச் சிறிது தூரம் சீராக ஓடிக் காற்றுப்பட விட்டபின் மிதித்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். வலிகாமத்துச் செம்மண் தூசி நிறைந்த காற்று வடியும் அவ்வாறே மூச்சைத் தடுக்கும். அதைக் கைந்நூலிற் கண்ட தவணைக்கு முன்பே மாற்றுவது நம் மண்ணுக்குத் தகும்.

எண்ணெய்க்கு வருவோம். நம் நாட்டில் 92, 95 ஆகிய ஒக்ரேன் எண்களையுடைய பெற்றோல் விற்கப்படுகிறது. கைந்நூல் 95 கேட்கும் டர்போ காருக்கு 92 ஊற்றினால், முந்தி வெடிக்கும் ஓசையை எஞ்சினிற் பூட்டிய ஓர் உணரி கேட்டு, மின்பொறியைத் தானாகவே பிந்தச் செய்யும். எஞ்சின் கெடாது, வலு குறையும். அங்கே கூடுதற் காசு கொடுப்பது நியாயம். ஏ-40-க்கு 95 ஊற்றுவதோ வீண். பொறுமை தேவையில்லாத இடத்திற் பொறுமையை விலைக்கு வாங்குவது போன்றது.

இளைஞர் சிலர் புகைக்குழாயை மாற்றிப் பேரோசை எழுப்புகின்றனர். ஓசை கூடினால் வேகம் கூடியதாகக் காது சொல்லும், கடிகாரம் சொல்வதில்லை. வேறு சிலர் மின்னணுப் பெட்டியொன்றைப் பூட்டிச் சுழலியின் அமுக்கத்தை உயர்த்துகின்றனர். இதனால் ஆர்முடுகல் கூடுவது மெய். ஆனால் கூடிய அமுக்கம் கூடிய வெப்பத்தையும், கூடிய பொறுமையுள்ள பெற்றோலையும் கேட்கும். தேய்ந்த மின்பொறிப் பிளக்குகள் அந்த அமுக்கத்திற் பொறி விடாமல் தவறும். பிளக்கையும் வடியையும் ரயர்க் காற்றையும் கவனியாத காருக்குப் பெட்டி பூட்டுவது என் பார்வையில் முறைமாறிய செலவு.

கடைசியாக எஞ்சின் எண்ணெய். மண்ணெண்ணெய்க் காரில் எரியாத எண்ணெய் உருளைச் சுவர் வழியே கீழிறங்கி உராய்வு நீக்கும் எண்ணெயோடு கலந்து, அதை நீராக்கிற்று. எனவே அதை அடிக்கடி மாற்றாத எஞ்சின்கள் தேய்ந்தன. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது சுழல்வது. நீண்ட தூரம் விரைந்து ஓடி வந்தவர், வாசலில் நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுக. அணைத்தவுடன் எண்ணெயோட்டம் நின்று, சூடான தண்டிலே தங்கிய எண்ணெய் கருகிவிடும். எண்ணெய் மாற்றும் தவணையையும், நம் வெப்பத்தையும் தூசியையும் கருதி, சற்று முன்தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.