வாலை வைத்து இனம் சொல்லலாமா?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



2018 நவம்பர் 17 அன்று, ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி சென்னை எழும்பூரில் பிடிபட்டது. தோலுரித்த உடலில் வால் நீளமாக இருந்தது. உடனே 'நாய்க்கறி' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. சில நாள்களில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு முடிவு வந்தது: ஆட்டிறைச்சிதான். அதற்குள் பிரியாணிக் கடைகள் காற்று வாங்கின. எங்கள் சேரப்பணஞ்சேரிப் பக்கம், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளை, "உங்க ஊர்லேருந்துதானே அனுப்புறாங்க?" என்று கேலி செய்யும் அளவுக்குப் போனது.

நம் மெட்ராஸ் சிவப்புச் செம்மறிக்கு வால் குட்டை. ராஜஸ்தானின் சொனாடிச் செம்மறிக்கு நீளம். வாலை நம்பினால் இப்படித்தான்.

தோலும் கொம்பும் குளம்பும் இல்லாத துண்டுக்கறியில் இனம் அறிய உதவுவது மைட்டோகாண்ட்ரியா. 'செல்லின் ஆற்றல் மையம்' என்று நாம் ஒரே வரியில் கடந்துபோகிறோமே, அதேதான். அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு, ஒரு செல்லிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நகல்கள் இருக்கும். அதனால் வெந்த கறியிலும் கொஞ்சம் தப்பிக் கிடைக்கும். கிடைத்ததை பி.சி.ஆர். முறையில் சுற்றுக்கு இரு மடங்காகப் பெருக்குகிறார்கள். 30 சுற்றில் ஒன்று, கணக்குப்படி 107 கோடியாகும் (கணித ஆசிரியர்கள் சரிபார்க்கலாம்). பிறகு சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் வரிசையை, ஏற்கெனவே பதிவாகியுள்ள விலங்குகளின் வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். எந்த விலங்கென்றே தெரியாத மாதிரியிலும் இந்தப் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் பொதுவான பிரைமர்களை, ஐதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் சுனில் குமார் வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-இல் வெளியிட்டார்கள். நம் வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டிய பெயர்கள் என்பது என் கருத்து.

ஆனால் இம்முறைக்குப் பாதிக் கதைதான் தெரியும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியாகவே வருகிறது. கோவேறு கழுதைக்குத் தாய் குதிரை, தந்தை கழுதை. இச்சோதனை அதைக் 'குதிரை' என்றே சொல்லும். கலப்பினம் என்று கண்டறிய உட்கரு டி.என்.ஏ.வையும் பார்த்தாக வேண்டும். காட்டுப்பன்றி வழக்கு இன்னும் சிக்கல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் பட்டியலில் காட்டுப்பன்றி இருக்கிறது. வீட்டுப்பன்றியோ அதே இனம்! அங்கும் உட்கரு டி.என்.ஏ.தான் கைகொடுக்கிறது.

பத்தாம் வகுப்பில் மரபியல் நடத்தும்போது ஒரு கேள்வி போடுங்கள்: "தாய் கழுதை, தந்தை குதிரை என்றால் மைட்டோகாண்ட்ரியா சோதனை என்ன சொல்லும்?" விடை சொன்ன கையோடு யாராவது ஒருவர், "அப்போ அப்பாவைக் கண்டுபிடிக்கவே முடியாதா சார்?" என்பார். குரோமோசோமை அந்த இடத்தில் தொடங்குங்கள்.