ஒரே பெயர், வேறு வேறு பாடகியர்



இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஹிந்துஸ்தானி இசைத்தட்டுகளைக் கேட்டவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். பாட்டு முடிந்ததும் பாடிய அம்மையாரே உரத்த குரலில் தம் பெயரைச் சொல்லுவார், ஆங்கிலத்திலும் சொல்லுவதுண்டு. இதைத் தற்பெருமை என்று எண்ணலாகாது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவில் எடுத்த மூலப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குச் சென்றன. அங்கே தட்டு அச்சிடுவோருக்கு நம் நாட்டு மொழியும் தெரியாது, குரலும் பழக்கமில்லை. எந்தத் தட்டில் யாருடைய பெயரைப் பொறிப்பது என்று அவர்களுக்கு விளங்கும் பொருட்டே இந்த ஏற்பாடு. கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி தம் பெயரை இவ்வாறு அறிவிக்கும் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

ஹானோவர் தொழிலாளிக்குப் பெயர் ஒன்றே போதுமானதாயிருந்தது. அந்தப் பாடகியரின் வரலாற்றைத் தேடப் புகுவோருக்கோ அது போதாது. ஏனெனில், ஒரே பெயருடன் ஒரே காலத்தில் பலர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கௌஹர் ஜானின் தாயாரையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் மல்கா ஜான். அவரைப் 'படீ' மல்கா ஜான், அதாவது பெரிய மல்கா ஜான் என்று அழைத்தார்கள். ஆக்ராவைச் சேர்ந்தவர் உட்பட வேறு மூன்று மல்கா ஜான்கள் அக்காலத்தில் பிரசித்தி பெற்றிருந்தார்கள். நால்வரில் இவரே வயதில் மூத்தவர். இவருடைய இயற்பெயரோ விக்டோரியா ஹெமிங்ஸ். ஆஸம்கட்டில் ஆர்மீனியரான ராபர்ட் யோவார்டை மணந்து, பின்னர் மணமுறிவு ஏற்பட்டு, காசிக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவிய பிறகே மல்கா ஜான் ஆனார். 1873-ல் பிறந்த மகள் ஏஞ்சலினா, கௌஹர் ஆனாள். உருதுவில் கவிதை இயற்றி 1886-ல் ஒரு தொகுதியே வெளியிட்டவர் இந்தத் தாயார். மற்ற மல்காக்களுடைய வாழ்க்கையில் நாம் இவ்வளவு தூரம் நுழைய முடிவதில்லை.

மல்கா என்றால் அரசி. கௌஹர் என்றால் முத்து அல்லது மணி. ஸோஹ்ரா என்பது சுக்கிரன் என்ற கோளின் பெயர். அரங்கேறும் பெண்ணுக்கு இத்தகைய மங்கலப் பெயரைச் சூட்டுவதில் வியப்பில்லை. பெற்றோர் இட்ட பெயராக இல்லாமல், தொழிலுக்கென்று பூண்ட பெயராக அது பல சமயம் அமைந்துவிட்டது. தகப்பன் பெயரோ கணவன் பெயரோ அதனுடன் சேருவது அரிது. வேற்றுமை காட்ட ஊர்ப் பெயர் ஒன்றே துணை. அதையும் பத்திரிகைக்காரர் விட்டுவிட்டால் ஆளே மறைந்து போவார்.

கௌஹர் ஜானின் கதை நமக்கு ஓரளவு முழுமையாகக் கிடைத்திருப்பதற்கு ஒரு காரணம், அவருக்கு நேர்ந்த தொல்லைதான். தாயார் 1906-ல் இறந்த பின், வீட்டுப் பணிப்பெண்ணின் மகன் தானே உண்மை வாரிசு என்று சொத்துக்கு வழக்காடினான். தம் பிறப்பை மெய்ப்பிக்கும் பொருட்டு, பல்லாண்டுகளாகக் காணாதிருந்த தந்தையைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைக்கும் நிலைமை கௌஹருக்கு ஏற்பட்டது. அந்த வழக்கின் ஏடுகளும், மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவும் பிற்கால ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டின. 2010-ல் விக்ரம் சம்பத் எழுதி வெளிவந்த வாழ்க்கை வரலாறு இத்தகைய ஆதாரங்களின் மேல் எழுந்தது. சொத்தும் வழக்கும் இல்லாமல் அமைதியாக வாழ்ந்து மறைந்த பாடகிக்கு அந்தப் பாக்கியம் இல்லை! நீதிமன்றத்தின் படியேறாதவர் சரித்திரத்திலும் இடம் பெறவில்லை என்பது சற்றுக் கொடுமையான நியாயமாகவே எனக்குத் தோன்றுகிறது.

கௌஹர் ஜான் தம் இறுதிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்து, 1930 ஜனவரி 17-ஆம் தேதி அவ்வூரிலேயே காலமானார். அதற்குச் சற்று முன், 1929-ல், பம்பாயில் சந்துலால் ஷாவுடன் சேர்ந்து ரஞ்சித் என்ற படக் கம்பெனியைத் தொடங்கியவர் மிஸ் கோஹர் என்ற நடிகை. 1910-ல் லாகூரில் பிறந்த இவர் மௌனப் படங்களிலேயே பெயர் பெற்றவர். 1985 வரை வாழ்ந்தவர். ஆகவே அந்த ஆண்டுகளின் பத்திரிகையில் வெறுமனே 'கௌஹர்' என்று கண்டால், மைசூரில் நலிந்திருந்த முதிய பாடகியா, பம்பாயின் இளம் நட்சத்திரமா என்று நின்று யோசிக்க வேண்டும். போதாக்குறைக்கு மூன்றாமவர் ஒருவரும் உண்டு. பாடகி அமீர்பாய் கர்நாடகியின் சகோதரியான கௌஹர் கர்நாடகி, மராத்தி நாடக மேதை பால கந்தர்வரின் குழுவில் சேர்ந்து அவருடைய வாழ்க்கைத் துணையானவர். மூவருக்கும் உறவு எதுவும் இல்லை.

ஸோஹ்ராபாய்களின் குழப்பம் இதனினும் நுட்பமானது. ஆக்ராவாலி ஸோஹ்ராபாய் 1868-ல் பிறந்து 1913-ல் மறைந்தவர். கியாலும் டும்ரியும் பாடுவதில் பெரும் வித்வான்கள் மதித்த குரல் அவருடையது. அம்பாலேவாலி ஸோஹ்ராபாய் 1918-ல் பிறந்தவர்; 1944-ல் வெளிவந்த 'ரத்தன்' படத்தில் நௌஷாத்தின் இசையில் பாடி வடநாடெங்கும் புகழ் பெற்றார். இருவரையுமே ஆக்ரா கரானாவுடன் சேர்த்துப் பேசுவது வழக்கமாதலால், ஊர்ப் பெயரை விட்டுவிட்டு எழுதுவோர் ஒருவர் பெருமையை மற்றவர் கணக்கில் எளிதாக எழுதிவிடலாம். அப்படிச் செய்தால், முன்னவர் தாம் மறைந்து முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் சினிமாவில் பாடியவராக ஆகிவிடுவார்!

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு எழுத்துக் கூட்டலின் மேல் ஒரு சந்தேகக் கண் எப்போதும் உண்டு. உருதுவிலிருந்து ஆங்கிலத்திற்கு வரும்போது கௌஹர், கோஹர் என ஒருவரே இருவராவார்; வங்காளியர் நாவில் ஸோஹ்ரா, ஜோஹ்ரா ஆவார். ஒருவர் பலராவதும் பலர் ஒருவராவதும் எழுத்தர் மேசையிலேயே நடந்துவிடுகின்றன. ஆகவே தேடுவோர் பெயரை முதலில் நம்பலாகாது. ஊர், குரு, ஆண்டு, இசைத்தட்டில் சீட்டின் ஓரத்தில் பொறித்த பதிவு எண் ஆகியவற்றையே நம்ப வேண்டும். அந்த எண்களை வரிசைப்படுத்தினால் எந்தப் பதிவு எப்போது எங்கே நடந்தது என்று தெளியும். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் அப்படி அரும்பாடுபட்டு, 1899 முதல் 1908 வரையுள்ள இந்தியப் பதிவுகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து 1994-ல் வெளியிட்டார். இரண்டு சான்றுகளாவது ஒத்து வராதவரை இரண்டு பெண்களை ஒருவராக்காமல், இரு அரைகுறை வாழ்க்கைகளாகவே விட்டு வைப்பது மேல் என்பது என் கருத்து.

நம் பக்கத்திலும் இது இல்லாமல் இல்லை. கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' 1938-லும், 'தியாகபூமி' 1939-லும் வெளிவந்தன. முன்னதில் கதாநாயகி எம்.எஸ். சுப்புலட்சுமி, பின்னதில் எஸ்.டி. சுப்புலட்சுமி. ஒரே இயக்குநர், அடுத்தடுத்த ஆண்டு, ஒரே பெயர். முதலெழுத்துகளே இருவரையும் பிரித்துக் காட்டுகின்றன. 1934-லேயே 'பவளக்கொடி'யில் தியாகராஜ பாகவதருடன் நடித்துப் புகழ் பெற்ற எஸ்.டி.யை, உலகப் புகழ் பெற்ற மற்றப் பெயர் கிட்டத்தட்ட மூடிவிட்டது. தில்லியிலும் பம்பாயிலும் விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் பேனாவுடன் திகைத்து நின்ற நம்மவருக்கு, முதலெழுத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

வடக்கே பெயருக்குப் பின்னால் வரும் ஊர், நம்மிடம் முன்னால் வரும். கோயம்புத்தூர் தாயி அப்படிப்பட்டவர். தாயி என்ற பெயர் கொங்கு நாட்டில் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்! 1872-ல் பிறந்து 1917-ல் காலமான இவருடைய இசைத்தட்டுகள் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாழின் உள்ளத்தைக் கவர்ந்தன; அவர் இயற்றிய இந்தியக் கவிதைப் பாடல்களில் அந்தக் குரலின் சாயல் இருப்பதாக இசை அறிஞர் எழுதியிருக்கின்றனர். பாரிஸ் வரை எட்டிய பெயர் கோயம்புத்தூர் தாயி. வீட்டில் அவருக்கு இட்ட பெயர் பழனிக்குஞ்சரம்.