கோழி அடையக் கம்பு வையுங்கள்



பொழுது சாய்ந்தால் கோழி உயரமான இடம் தேடும். கூட்டில் கம்பு இல்லையென்றால் கொல்லை மரத்தில் ஏறிக் காட்டுப்பூனைக்கு இரையாகும்; இல்லாவிட்டால் எச்சத்திலேயே படுத்து நோய் வாங்கும்.

தரையிலிருந்து 2 அடி உயரத்தில், 2 அங்குல கனமுள்ள கம்பு வையுங்கள். மேல்விளிம்பை இழைத்து மழுக்கிவிடுங்கள். இரும்புக் குழாய் வேண்டாம், வழுக்கும். கோழி ஒன்றுக்கு 9 அங்குலம். 10 கோழிக்கு ஏழரை அடி. இரண்டு கம்பானால் 1 அடி இடைவெளி விட்டு ஒரே மட்டத்தில் வையுங்கள். ஏணி மாதிரி வைத்தால் மேல்கம்புக்குச் சண்டை வரும். முட்டையிடும் கூடை கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரத்தில் இருந்தால் கோழி அதில் அடைந்து முட்டையை அசிங்கம் பண்ணிவிடும்.

முக்கியமான சங்கதி: கம்பை ஆணி அடிக்காதீர்கள். உண்ணி பகலில் கம்பின் வெடிப்பிலும் சுவர்ச் சந்திலும் பதுங்கிக்கொண்டு, ராத்திரி வந்து இரத்தம் குடிக்கும். கோழியின் கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். பகலில் புரட்டிப் பார்த்தால் காரணம் தெரியாது. விளக்கோடு ராத்திரி போய்ப் பாருங்கள். கம்பைக் கழற்றும்படி கவட்டையில் வைத்து, மாதம் ஒருமுறை கொதிநீர் ஊற்றி வெயிலில் காயப்போடுங்கள். சுவர்ச் சந்தையும் பூசிவிடுங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. கொல்லையில் கிடக்கும் வேப்பங்கம்பே போதும்.